உங்கள் வாசிப்பைப் பிறரிடம் சொல்வது எப்படி: நெல்லைச் சீமை வாசகர்களுக்கு

பாளையங்கோட்டையிலோ டவுனிலோ வாசிக்கிறவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால், இப்போது என்ன வாசிக்கிறீர்கள் என்ற கேள்வி எப்படியும் வந்துவிடும். பெரும்பாலும் ஒரு நூலின் பெயரும், நன்றாக இருக்கிறது என்ற மதிப்பீடும் மட்டுமே அதற்குப் பதிலாகக் கிடைக்கின்றன. கேட்டவருக்கு இதனால் பயன் ஒன்றும் இல்லை. அந்த நூல் தமக்கு ஒத்துவருமா, தம்முடைய பொழுதுக்கும் மனநிலைக்கும் பொருந்துமா என்று முடிவு செய்ய அவர் கையில் எதுவும் வந்து சேரவில்லை. எது பிடித்தது என்பதோடு, எப்போது வாசித்தோம், எந்த நிலையில் வாசித்தோம், எந்த இடத்தில் நம்மைப் பிடித்து நிறுத்தியது, எங்கே சலித்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பேச்சு இன்னொருவரை ஒரு புத்தகத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். இப்படிச் சொல்வது பயின்றால் எவருக்கும் வரும். அதைப் பயிலும் வழிகளை இங்கே எழுதுகிறேன்.

நம் ஊருக்கு இது புதிய காரியமும் அன்று. ரசிகமணி டி.கே.சி. (1882–1954) திருநெல்வேலியில் தம் வீட்டு முற்றத்தில் நண்பர்களைக் கூட்டி நடத்திய வட்டத்தொட்டியில், கம்பனின் ஒரே பாடலை நிறுத்தி நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்லி, அது தமக்கு ஏன் இனிக்கிறது என்று காட்டுவதே முக்கிய நிகழ்ச்சியாக இருந்தது. டவுன் சுடலைமாடன் கோயில் தெருவில் வாழ்ந்த திறனாய்வாளர் தி.க.சி. (1925–2014), இதழ்களில் வந்த கதையோ கவிதையோ பிடித்துவிட்டால், எழுதியவர் அறிமுகமே இல்லாத இளைஞராக இருந்தாலும் அஞ்சலட்டையில் தம் கருத்தை எழுதி அனுப்பிவிடுவார். ஒருவர் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். மற்றவர் சில வரிகளில் எழுதிக் காட்டினார். இரண்டிலும் புத்தகத்தைப் பற்றிய பொதுவான புகழ்ச்சி குறைவு. இந்த இடம், இந்தக் காரணம் என்று தொட்டுக் காட்டுவதே மிகுதி. நாம் கற்க வேண்டியதும் அதுதான்.

முதலில் உங்கள் வழக்கத்தைக் கவனியுங்கள்

பிறரிடம் சொல்லும் முன்பு, நாம் உண்மையில் எப்படி வாசிக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்மில் பலர், எப்படி வாசிக்க ஆசைப்படுகிறோமோ அதையே நம் வழக்கம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். தினமும் இரவில் ஒரு மணி நேரம் வாசிப்பதாகச் சொல்கிறவர், ஒரு மாதம் கவனித்துப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஒரே மூச்சாக வாசிப்பவராக இருக்கக்கூடும்.

கவனிக்க வேண்டியவை எளியவை: எந்த நேரத்தில் புத்தகம் கைக்கு வருகிறது, எவ்வளவு நேரம் கையில் தங்குகிறது, எது வந்து அதைக் கீழே வைக்கச் செய்கிறது. இவற்றோடு நம் பகுதிக்கே உரிய ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது ஆண்டின் பருவம். தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருக்கிற குடும்பத்தில், கார் சாகுபடிக்கும் பிசானச் சாகுபடிக்கும் நடவும் அறுப்பும் நடக்கிற வாரங்களில் எவரும் பெரிய நாவல் ஒன்றைத் தொடங்குவதில்லை. பயிர் நின்று வளர்கிற வாரங்களில்தான் அதற்கு இடம் கிடைக்கிறது. பள்ளி ஆசிரியருக்குத் தேர்வுத்தாள் திருத்தும் காலமும், ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவருக்குத் தீபாவளிக்கு முந்திய மாதமும் அப்படிப்பட்டவையே. வாசிக்க முடியாத மாதங்களைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை. அவற்றையும் அறிந்து சொல்கிறவரின் பேச்சை, அதேபோன்ற வாழ்க்கை உடையவர் நம்பிக் கேட்பார்.

கண்ணால் வாசிப்பது மட்டுமே வாசிப்பு என்றும் எண்ண வேண்டாம். முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றுகிற பெண்களுக்கு நாள் முழுவதும் கையும் கண்ணும் மடியிலிருக்கும் தட்டில் இருக்க, காது மட்டுமே ஓய்வாக இருக்கிறது. கைபேசியில் ஒலிநூல் கேட்டு ஒரு நாவலை முடித்தவர், நான் கேட்டேன் என்று சொல்லித் தம் கருத்தை முழு உரிமையோடு முன்வைக்கலாம். எந்தக் குரலில், எந்த வேகத்தில் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், கண் மங்கத் தொடங்கியிருக்கும் ஒரு மூத்த வாசகருக்கு அது நேரடியாக உதவும்.

குறிப்பேடு வைத்துக்கொள்ளுதல்

நினைவை நம்பிப் பேசினால் எல்லாப் புத்தகமும் மெல்ல மெல்ல நன்றாக இருந்தது, சுமாராக இருந்தது என்ற இரண்டில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆகவே ஒரு குறிப்பேடு தேவை. விலை உயர்ந்த நாட்குறிப்பு வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் வாங்குகிற கோடு போட்ட நோட்டே போதும். அதைப் புத்தகத்தோடு சேர்த்தே பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் முக்கியம். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுதுவது நடக்காது.

என்ன எழுதுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கதைச் சுருக்கம் எழுதத் தொடங்கினால் கை சோர்ந்து, மூன்றாவது புத்தகத்திலேயே குறிப்பேடு நின்றுபோகும். கதை நூலிலேயே இருக்கிறது. அதை நாம் எழுத வேண்டியதில்லை. வாசித்தபோது நமக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

“சனிக்கிழமை மாலை, செங்கோட்டை ரயில், ஜன்னலோரம். சிறுகதைத் தொகுப்பு, நூலகப் பிரதி, எழுத்து பொடியாக இருக்கிறது. சேரன்மகாதேவிக்குள் முதல் கதை முடிந்தது. இரண்டாவது கதையில், இறந்துபோன தாத்தாவின் செருப்பைப் பேரன் காலில் மாட்டிப் பார்க்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கல்லிடைக்குறிச்சி வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கதை உபதேசமாக முடிகிறது, பிடிக்கவில்லை. நான்காவதைத் தொடங்கும்போது அம்பாசமுத்திரம் வந்துவிட்டது. வீட்டில் தொடரத் தோன்றவில்லை. இதை மறுபடியும் பயணத்தில்தான் வாசிக்க வேண்டும் போலிருக்கிறது.”

இந்தச் சில வரிகளில் எவ்வளவு செய்தி இருக்கிறது என்று பாருங்கள். கதைகள் சிறியவை, பயணத்துக்கு ஏற்றவை என்று தெரிகிறது. எழுத்துரு சிறியது என்பதால், வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவருக்கு எச்சரிக்கை கிடைக்கிறது. செருப்பைப் பற்றிய அந்த ஒரு வரி, இந்த வாசகரின் மனம் எதற்கு இளகுகிறது என்பதை எந்த அடைமொழியும் இல்லாமல் சொல்லிவிடுகிறது. உபதேசம் பிடிக்காது என்பதும் அவருடைய ரசனையின் ஒரு பகுதியாகப் பதிவாகிறது. இப்படிப் பத்துப் பதினைந்து பதிவுகள் சேர்ந்த பிறகு, முதலிலிருந்து புரட்டிப் படித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருகிறவை தாமாகவே கண்ணில் படும். முதுமையைப் பற்றிய இடங்களில் நின்றுவிடுகிறவரா, உரையாடல் நிறைந்த பக்கங்களில் வேகம் எடுக்கிறவரா, இயற்கை வருணனையைத் தாண்டிப் போகிறவரா என்பது நமக்கே அங்குதான் தெரியவரும். எனக்கு வரலாற்று நாவல் பிடிக்கும் என்று வகையைச் சொல்வதைவிட இந்த அறிவு பல மடங்கு பயனுள்ளது.

நூலகப் புத்தகத்தில் கோடு போடவோ ஓரத்தில் எழுதவோ கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலிருந்து ஊர்ப்புறக் கிளை நூலகம் வரை எங்கே எடுத்தாலும், நமக்கு முன்னே வாசித்தவரின் பேனா மை நம் கருத்தை முந்திக்கொண்டு நிற்கிறது. பஸ் டிக்கெட்டைப் பக்க அடையாளமாக வைத்து, அதன் பின்புறத்தில் பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, பிறகு நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

ஊருக்காகப் பிடித்ததா, எழுத்துக்காகப் பிடித்ததா

நெல்லை வாசகருக்கென்றே ஒரு தனிச் சோதனை உண்டு. இந்தச் சீமையைப் பற்றி எழுதியவர்கள் மிகுதி. எனவே நாம் நடந்த தெருவும், குளித்த படித்துறையும், வீட்டில் பேசுகிற பேச்சும் அச்சில் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. பாளையங்கோட்டையில் தொண்டாற்றி 1838இல் அங்கேயே மறைந்த ரேனியஸ் பாதிரியாரின் பெயரால் அமைந்த தெருவையே களமாகக் கொண்டு வண்ணநிலவன் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அந்தத் தெருவை அறிந்தவர் அதை வாசிக்கும் அனுபவமும், அறியாத ஒருவர் சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து வாசிக்கும் அனுபவமும் ஒன்றாக இருக்க முடியாது.

ஊர்ப்பாசத்தால் வருகிற மகிழ்ச்சியில் குறை ஒன்றும் இல்லை. நம் வாசிப்பின் மிகப் பெரிய செல்வங்களில் அது ஒன்று. ஆனால் பகிரும்போது அதைத் தனியே எடுத்துச் சொல்லிவிட வேண்டும். இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, குறிப்பேட்டில் அத்தகைய நூலுக்கு இரண்டு வரி ஒதுக்குவது. முதல் வரியில், ஊர் அடையாளத்தால் என்னைத் தொட்ட இடம் எது என்று எழுதுங்கள். இரண்டாவது வரியில், இந்தக் கதை முழுவதும் எனக்குத் தெரியாத வேறொரு ஊரில் நடந்திருந்தாலும் என்னை நிறுத்தியிருக்கும் இடம் எது என்று எழுதுங்கள். இரண்டாவது வரி வெறுமையாக நின்றால், அந்த நூலை நம் ஊர்க்காரர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். வெளியூர் நண்பருக்குச் சொல்லும்போது கொஞ்சம் தயங்க வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு: கரிசல் காட்டுப் பேச்சில் எழுதப்பட்ட நூலை, ஆற்றங்கரை ஊர்க்காரர் சிலர் முதல் 20 பக்கத்தில் கடினம் என்று வைத்துவிடுகிறார்கள். அவர்களிடம் அந்தப் பக்கங்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு அடைத்து நின்ற வாக்கியம் காதுக்குத் திறந்துகொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பாதியில் விட்ட நூல்களையும் சொல்லுங்கள்

முடித்த நூல்களின் பட்டியலைவிட, விட்டுவிட்ட நூல்களின் பட்டியல் ஒருவரின் ரசனையைத் தெளிவாகக் காட்டும். எந்தப் பக்கத்தில் விட்டோம், அது நூலின் குறையா, நம் அன்றைய நிலையா என்பதைப் பிரித்து எழுத வேண்டும். வீட்டில் ஒருவர் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரத்தில் கைவிட்ட நாவலை, மோசமான நாவல் என்று சொல்வது நியாயமாகாது. அதற்கு நேராக, பின்னர் எடுக்க வேண்டும் என்று குறித்து வையுங்கள். எல்லோரும் புகழ்கிற நூல் ஒன்று நம்மை உள்ளே விடவில்லை என்றால் அதையும் பணிவோடு, ஆனால் மறைக்காமல் சொல்லலாம். கூட்டத்தில் ஒருவர் அப்படிச் சொன்னதும் இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்று வாய் திறப்பார்கள், அங்கிருந்துதான் உண்மையான பேச்சு தொடங்கும்.

சொல்லும் முறையும் கேட்கும் முறையும்

வாசகர் வட்டத்தில் பேச முறை வரும்போது, ஒருவருக்கு ஒரு நூல், ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் போதும். நூலின் பெயர், ஆசிரியர், ஏறக்குறைய எத்தனை பக்கம், எங்கே கிடைத்தது என்பவற்றை முதலில் சொல்லிவிடுங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் கட்டிவருகிறோம், ஆகவே நூலகத்தில் இருக்கிறது என்ற செய்தி, வாங்க இயலாதவருக்கு மிகத் தேவையான செய்தி. பிறகு நீங்கள் நின்ற ஒரே ஒரு இடத்திலிருந்து அரைப் பக்கம் வாசித்துக் காட்டுங்கள். அந்த அரைப் பக்கத்தை வீட்டில் முன்கூட்டியே வாய்விட்டுப் படித்துப் பழகி வர வேண்டும். முடிவைச் சொல்லாதீர்கள், நூலின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வருகிற இடத்தையே தேர்ந்தெடுப்பதென்று வைத்துக்கொண்டால், கதையை உடைத்துவிடும் அபாயம் பெரும்பாலும் நீங்கிவிடும். இறுதியாக, இது யாருக்கு ஒத்துவராது என்பதையும் சொல்லுங்கள். இந்த ஒன்றைச் சொல்கிறவரின் பரிந்துரைக்குத்தான் அடுத்த முறை மதிப்பு கூடுகிறது.

ஒருவர் நம்மிடம் நூல் கேட்கும்போது உடனே நமக்குப் பிடித்ததை நீட்டுவது இயல்பு. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளாவது கேட்க வேண்டும். எங்கள் பக்கத்து வாசகர் வட்டத்தில், பணி ஓய்வு பெற்ற ஒரு மூத்தவருக்கும் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே நடந்த பேச்சை, இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

“அண்ணாச்சி, எனக்கு நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்களேன்.”

“எப்பம் வாசிப்ப தாயி, பகல்லயா ராத்திரியா?”

“கடை முடிஞ்சு வீட்டுக்குப் போக ஒம்பதரை ஆயிரும். பிள்ளைய உறங்க வச்சிட்டுத்தான் எடுக்கணும். அரை மணி நேரம் வாசிச்சாப் பெரிய காரியம்.”

“போன தடவ எடுத்துட்டுப் போனத முடிச்சியா?”

“இல்ல அண்ணாச்சி. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா யாரு யாருக்கு என்ன முறைன்னு மறந்து மறந்து போகுது. மறுநா திரும்பப் பின்னால போய்ப் பாக்க வேண்டியிருக்கு.”

“அப்பம் இப்போதைக்குப் பெரிய நாவல் வேண்டாம். சின்னச் சின்ன அத்தியாயமா இருக்க சுயசரிதை ஒண்ணு தாரேன். ஒரு ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் போதும்.”

அவர் நூலின் பெருமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நேரம் எது, முந்திய நூலில் எங்கே தடை வந்தது என்று இரண்டைக் கேட்டார்; பரிந்துரை அந்தப் பதில்களிலிருந்தே பிறந்துவிட்டது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு வகுத்த விதிகள் இரண்டும் அந்த ஒரு நிமிடப் பேச்சில் நிறைவேறின. அந்தப் பெண்ணும் தம் சிரமத்தை ஒளிக்காமல் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். நேரமில்லை, முடிக்கவில்லை, மறந்துபோகிறது என்று சொல்லக் கூசாத சூழலை வட்டத்தில் உண்டாக்குவது மூத்த வாசகர்களின் பொறுப்பு. ஒருவர் வாரப் பத்திரிகைத் தொடர்கதைதான் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் முகம் சுளிக்கக் கூடாது; அந்தத் தொடரில் எந்தப் பாத்திரத்துக்காக அடுத்த வாரத்தை எதிர்பார்த்தீர்கள் என்று கேட்டால், அவருக்கான அடுத்த புத்தகத்துக்குரிய வழி அங்கேயே கிடைத்துவிடும்.

பகிரக் கூடாதவை

நாம் வாசித்ததை நாம் சொல்லலாம். இன்னொருவர் நூலகத்தில் என்ன எடுத்தார், என்ன வாங்கினார் என்பதை நாம் சொல்லக் கூடாது. நோய், மணமுறிவு, மதம், கடன் ஆகியவற்றைப் பற்றிய நூலை ஒருவர் எடுப்பதற்குப் பின்னால் அவருக்கே உரிய காரணம் இருக்கலாம். நம்முடைய வாசிப்பிலும், சொல்ல மனம் வராததைக் குறிப்பேட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிடித்த நூலைச் சொன்ன கையோடு அதன் பிடிஎஃப் கோப்பையும் குழுவில் அனுப்பிவிடுகிற வழக்கம் பரவியிருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. அதற்கு உட்பட்ட நூலை இப்படிப் பரப்புவது, நாம் நேசிப்பதாகச் சொல்கிற எழுத்தாளரின் வருமானத்திலும், சிறு பதிப்பாளரின் அடுத்த நூலிலும் கை வைப்பதாகும். ஆசிரியரோ அரசோ இலவசமாக வெளியிட்ட நூல்களை அனுப்பலாம். மற்றவற்றுக்கு அட்டைப் படமும், கிடைக்கும் இடமும் போதும்.

இரவல் கொடுப்பது பகிர்தலின் மிக நல்ல வடிவம், மனத்தாங்கலுக்கும் அதுவே வழி. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் நூல், வாங்கியவர், தேதி என்று எழுதி, வாங்குகிறவர் முன்னாலேயே அதைச் செய்யுங்கள். அவரும் தவறாக எண்ண மாட்டார். புத்தகம் திரும்பி வரும்போது வாங்கி அலமாரியில் வைத்துவிடாமல், எந்த இடத்தில் நின்றீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை உங்கள் பழைய பதிவின் கீழேயே தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர் நின்ற இடம் வேறாகத்தான் இருக்கும். அடுத்த கூட்டத்துக்குப் புறப்படும் முன் அந்த இரண்டு பதிவுகளையும் சேர்த்து ஒருமுறை வாசித்துக்கொண்டு, அவருடைய ஒப்புதலோடு இரண்டையும் கூட்டத்தில் சொல்லுங்கள்.